கண்ணைப் பாத்துப் பேசு

இன்டர்வியூவா? உங்க பையனுக்கா? அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க பாஸ். மூணு வருஷமா எங்க பீச் ரிசார்ட்ல நான்தான் அதுக்கு வகுப்பெடுத்தேன். கையை இறுக்கிப் பிடிச்சுக் குலுக்கு, கண்ணைப் பாத்துப் பேசு, உன்னைப் பத்தி நீயே உசத்தியா சொல்லு. எங்க ஊர்ல ஒரு புள்ள பெரியவங்க முன்னாடி அப்படி நின்னா முதுகுல ரெண்டு விழும். அதைக் கத்துக்குடுக்க எனக்குச் சம்பளம்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தப் பொட்டலம் நசுங்குது. சொல்றேன், பஸ் சிங்கடோக்கா ஊரையே இன்னும் தாண்டலயே.

போன மாசம் ரிசப்ஷனைப் பாத்துக்க ஆள் எடுத்தாங்க. நம்ம வதிசேவா மனு போட்டுச்சு. பன்னெண்டு வருஷமா சலவைக்கூடத்துல கெடந்த பொண்ணு. பிளீச் தண்ணியில ரெண்டு கையும் தோல் உரிஞ்சு கெடக்கும். ஆனா பேச்சு இருக்கே, புயலடிச்ச அன்னிக்கு நாப்பது விருந்தாளிங்கள சாப்பாட்டுக்கூடத்துல உக்கார வெச்சு, பகல் பூரா கதை சொல்லிச் சிரிக்க வெச்சுது.

அந்தப் பொண்ணு இன்டர்வியூல வாயே திறக்கல.

பயமா? சேச்சே. மரியாதையா குனிஞ்சுதான் உள்ள வந்துச்சு. மேஜைக்கு அந்தாண்ட ரெண்டு பேரு. ஆஸ்திரேலியாக்கார மேனேஜர் கிரெய்க். பக்கத்துல நான். நான் அதுக்குப் பெரியப்பா மகன். எங்க தீவு ஆளுங்கள்ல அண்ணன் தங்கச்சி பேசிக்க மாட்டோம்னு உங்களுக்குத் தெரியாததா? அண்ணன் காதுல விழுற மாதிரி தன் பெருமையைப் பேசுறது அதைவிடக் கேவலம். என்னைப் பாத்ததும் தலை குனிஞ்சது, கீழ விரிச்சிருந்த பாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஆமான்னு சொல்ற எடத்துல புருவத்தை மட்டும் தூக்குச்சு. அது அந்த வெள்ளைக்காரனுக்கு எங்க புரியும்?

அது வரப்போறது எனக்கு முன்னாடியே தெரியுமாவா? தெரியும், பாஸ். பட்டியல்ல பேரு இருந்துச்சே. சொந்தம்னு சொன்னா எந்திரிக்கச் சொல்வாங்க. உள்ளூர்க்காரன ஒருத்தன அந்த நாற்காலில உக்கார வெச்சதே அதுதான் மொத தடவை. தண்ணி குடிக்கிற சாக்குல அஞ்சு நிமிஷம் நான் வெளிய போயிருந்தா போதும், அது பொளந்து கட்டியிருக்கும். போகல. ஏதாச்சும் பிரச்சனையான்னு கிரெய்க் ரெண்டு தடவை என்கிட்ட கேட்டாரு. இல்லன்னு தலையாட்டினேன். தூ.

வேலை தலைநகர் சுவாவுலேர்ந்து வந்த ஒருத்திக்குப் போச்சு. வதிசேவாவுக்கு ஒரு தாள் வந்துச்சு, விருந்தாளிகளோட பேசத் தெரியாதவர்னு. சலவைக்கூடத்துல நின்னு படிச்சுட்டு, மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டு ஊருக்குப் போனதுதான். இருந்த வேலைக்கும் திரும்பி வரல.

ஊரே கிரெய்க்கைத் திட்டுது. நானும் கூட உக்காந்து திட்டினேன். என்ன ஜென்மம் நான்.

இந்தப் பொட்டலமா? யாங்கோனா வேர், தப்பு பண்ணவன் எங்க ஆளுங்க முன்னாடி கொண்டுபோய் வைக்கிறது. மன்னிப்புக் கேக்கப் போறேன். ஆனா தங்கச்சிகிட்ட நானே பேசக் கூடாது, எனக்காக வாய் திறந்து பேச ஒரு ஆள் வேணுமே. பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொன்னேன். உன் அசிங்கத்துக்கு நான் வாயா இருக்க மாட்டேன்னுட்டா. சொந்தக்காரங்ககிட்ட சொல்லவே இன்னும் தைரியம் வரல.

நீங்க எங்க ஊருக்கு அடுத்த நிறுத்தம்தானே? இந்தியாக்காரங்க வம்சமா இருந்தும் எங்க பாஷை என்னைவிட நல்லா பேசுறீங்க. கூட வாங்க பாஸ், கால்மணி நேரம். நான் வாசல்கிட்ட தலைகுனிஞ்சு உக்காந்திருப்பேன். நீங்க இந்த வேரை அது முன்னாடி வெச்சு ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். கிரெய்க் அந்தத் தாள்ல காரணம் எழுதுற கட்டத்தை எழுதாமத்தான் என் பக்கம் தள்ளினாரு, உங்க ஆளு, நீங்களே எழுதுங்கன்னு. பேசத் தெரியாதுன்னு எழுதினது நான்தான்.