நிறம் ஒவ்வாத சவரி

உடுவிலிற் பேருந்தேறிய தமக்கையும் தங்கையும் என் முன்னிருக்கையில் அமர்ந்தனர். மறுநாள் மணமகளாகவிருந்த தங்கை, காய்ச்சலில் உதிர்ந்த கூந்தலுக்கு ஈடாக வாங்கிய சவரிமுடியைத் தன் குறும்பின்னலோடு சேர்த்து வெயிலிற் பிடித்தாள்.

“அக்கா, ரெண்டு பேரின்ரை தலை மாதிரிக் கிடக்கு.”

“நேற்றுக் கடையிலை ஒரே கறுப்பாத்தானே இருந்தது?”

“நேற்றுத் தலை நிறைய எண்ணெய். இண்டைக்கு முழுகிக் காய்ஞ்சவுடனை செம்பட்டை.”

“விசரி! நாளைக்கும் தாலிக்கு முதல் தலையிலை பாலும் அறுகம்புல்லும் வைச்சு முழுக வார்ப்பினமெல்லே? முழுகின தலைக்கெல்லோ நிறம் பாக்கவேணும்.”

“தாலி கட்டேக்கை பின்னலைத் தூக்கிப் பிடிக்கிறது மாப்பிள்ளையின்ரை தங்கச்சி. கண்டிட்டா வீடு முழுக்கச் சொல்லிப்போடுவா.”

தமக்கை சவரியை வாங்கித் தன் மடியில் வைத்தாள்.

“அவ காலமை எனக்குப் போன் எடுத்தவ. உனக்கு முடி கொட்டினது தெரியுமாம். தன்ரை சவரி செம்பட்டையாம், உனக்குப் பொருந்துமாம், குடுத்துவிடுறாவாம். நீ வெக்கப்படுவாய் எண்டு நான் சொல்லேல்லை.”

“அவவின்ரை அந்த நீட்டுப் பின்னலும் சவரியே?”

“ஓம்.”

“அப்ப நாளைக்கு அவ?”

“கட்டை முடியோடை வாறாவாம்.”