நான்காம் சிம்பொனியில் ஓர் இருமல்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை, இன்ஸ்பெக்டர் தம்பி. என் ரெக்கார்டு அலமாரி மேல் சத்தியம். சாமி மேல் சத்தியம் செய்கிறவர்கள் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். அலமாரி தினமும் கண்ணில் படும்.

விஷயம் சாதாரணமானது. ஒரே ஆள் எழுதிய ஒன்பது சிம்பொனிகள்; ஒவ்வொன்றையும் வாசித்துப் பதிவு செய்யாத குழு உலகத்தில் இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்றுக்கு ஒரு பதிவுதான் என்பது என் கொள்கை. மனைவியின் கொள்கையும் அதுதான். அவளுக்குப் போர்வை வைக்க இடம் வேண்டும்.

முதலாவதற்கு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல வாசிக்கும் ஒரு குழுவை எடுத்தேன். இரண்டாவதற்கு ஒரு கிழவர் நடத்தியது. அவர் கோலைத் தூக்கி இறக்குவதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், ஆனாலும் அழகு. நான்காவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

அதற்கு ஒரு பதிவு இருக்கிறது. எல்லா வாத்தியங்களும் ஓய்ந்து, ஒரே ஒரு புல்லாங்குழல், தூங்குகிற குழந்தையைத் தாண்டிப்போவது போல நடக்கும். சரியாக அந்த இடத்தில், எனக்குத் தொண்டை அடைத்துக் கண்ணில் நீர் முட்டும்போது, யாரோ இருமுகிறார்கள்.

யார் இருமுவது என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்கதான்" என்றாள். அவளுக்கு இசை ஞானம் கிடையாது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் மச்சான் வந்தார், அவளுடைய அண்ணன். வாயாலேயே வானத்தை வில்லாக வளைப்பவர். அந்த ரெக்கார்டின் உறையைப் பார்த்ததும், "இந்தக் கச்சேரியா? அன்னிக்கு நான் மூணாவது வரிசைல உக்காந்திருந்தேன் மாப்ளே" என்றார். சொல்லிவிட்டு இருமினார்.

நான் அவசரக்காரன் இல்லை. அன்றைக்குச் சளி இருந்ததா என்று நிதானமாகக் கேட்டேன்.

"சளியா? உயிரே போற மாதிரி சளி. டிக்கெட் வீணாகக் கூடாதேன்னு போனேன்."

வேறு என்ன சாட்சி வேண்டும், சொல்லுங்கள்.

இசைத்தட்டிலிருந்து இருமலை எடுக்க முடியாது. ஆளிடமிருந்துதான் எடுக்க வேண்டும். காலமெல்லாம் மருந்துக் கடை வைத்திருந்தவன் நான். இருமல் மருந்துதான் கலந்து கொடுத்தேன். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. "உங்க கையால குடிச்சாலே பாதி சரியாயிடும் மாப்ளே" என்று பாட்டிலைக் காலி செய்தார். நல்ல மனுஷர். அந்தத் தட்டைப் போட்டேன். புல்லாங்குழல் வருவதற்கு முன்பே நாற்காலியில் அடங்கிவிட்டார். கடைசியில் அந்த நாகரிகமாவது இருந்தது.

காரியங்கள் முடிந்து எல்லோரும் போன பிறகு மறுபடி போட்டேன். புல்லாங்குழல் வந்தது. தொண்டை அடைத்தது. இருமல் அதே இடத்தில் அப்படியே இருந்தது. மனைவி அடுத்த அறையில் அழுதுகொண்டிருந்தாள். அவள் இருமவில்லை, கவனித்தேன். மூன்றாவது வரிசையில் மச்சானுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவரிடம் கேட்டு வைத்திருக்கலாம். அது ஒன்றுதான் என் தவறு.

உறையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன். பூட்டிய ஒலிப்பதிவு அறையில் எடுத்தது. கேட்க யாரையும் உள்ளே விடவில்லை.