நூல் அறை ஜெபம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். ஒரு தையல் கம்பெனி. மதிய இடைவேளையில் அங்கே நூல் வைக்கும் அறையில் ஜெபம் நடக்கும். அன்று உள்ளே இரண்டே பேர்: சட்டைக்குப் பட்டன் வைப்பவள் ஒருத்தி, இஸ்திரி போடும் அக்கா ஒருத்தி. அவர்கள் பேசியதை அப்படியே கேளுங்கள்.

பட்டன்: ...அதான்க்கா, நாளையிலேர்ந்து ஜெபத்துக்கு என்னை எதிர்பார்க்காதீங்க.

அக்கா: முதல்ல உட்காரு. நின்னுக்கிட்டே சண்டை போட்டா கால் வலிக்கும்.

பட்டன்: சண்டையெல்லாம் இல்ல.

அக்கா: அப்போ மூஞ்சி ஏன் கசங்கின சட்டை மாதிரி இருக்கு? இஸ்திரி போடவா?

பட்டன்: விளையாடாதீங்க. முன்னாடி இங்க உட்கார இடம் இருக்காது. இப்போ? எல்லாரும் வெளியில போனை நோண்டிக்கிட்டு...

அக்கா: கூப்பிட்டுப் பார்த்தியா?

பட்டன்: கூப்பிட்டேனே. 'எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கோ'ன்னாங்க. தலையைக்கூட நிமிர்த்தல.

அக்கா: சரிதான், நமக்கு வேலை கொடுத்திருக்காங்க.

பட்டன்: அக்கா! பக்கவாதம் வந்ததுலேர்ந்து எங்கம்மாவுக்குப் பேச்சு வரணும்னு கேட்டுக் கேட்டு... கண்ணை மூடினா மெஷின் சத்தம்தான் கேக்குது. சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு.

அக்கா: ம்...

பட்டன்: என்ன 'ம்'? விசுவாசம் இல்லாதவளேன்னு திட்டுங்களேன்.

அக்கா: நான் எந்த வாயால திட்டுவேன்? எங்க வீட்டுக்காரர் தவறினப்போ எனக்கும் இப்படித்தான்.

பட்டன்: உங்களுக்கா? நீங்க ஒரு நாள்கூட விட்டதில்லையே!

அக்கா: விடத்தான் வந்தேன். அடக்கம் முடிஞ்சு வேலைக்குத் திரும்பின அன்னைக்கு... 'இனிமே ஜெபமும் வேணாம், ஒண்ணும் வேணாம்'னு உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போகலாம்னு கதவைத் திறந்தேன். நீ மட்டும்தான் இருந்தே. கண்ணை மூடி, தலை குனிஞ்சு...

பட்டன்: அன்னைக்கா...

அக்கா: குறுக்கே பேசாதே. 'தனியாக் கிடந்து இப்படி உருகுறாளே இந்தப் பொண்ணு'ன்னு... சொல்ல வந்ததை விட்டுட்டேன். பக்கத்துல உட்கார்ந்தேன். மறுநாளும் வந்தேன். எப்போன்னு தெரியல, நாம பேசினா ஆண்டவர் கேக்குறார்ங்கிற தைரியம் திரும்ப வந்துடுச்சு.

பட்டன்: ஐயோ...

அக்கா: என்னடி?

பட்டன்: எப்படிச் சொல்றது... ராத்திரி பூரா அம்மா பக்கத்துலயே இருந்த அசதி. அன்னைக்கு நான் ஜெபிக்கலக்கா. தூங்கிட்டேன்!

அக்கா: தூங்கினியா?

பட்டன்: நல்லாவே. கண்ணைத் திறந்தா பக்கத்துல நீங்க அழுதுக்கிட்டு இருக்கீங்க. பயத்துல 'ஆமென்'னு சொல்லி வச்சேன்.

அக்கா: அடிப்பாவி!

பட்டன்: சிரிக்கிறீங்களா, அழுறீங்களா?

அக்கா: ரெண்டும்தான். அப்போ என்னை உட்கார வச்சது நீ இல்ல. நீ தூங்கிட்டே... தூங்காத ஒருத்தர் இங்க இருந்திருக்கார். சரி, கண்ணை மூடு. அம்மாவுக்காக நான் ஆரம்பிக்கிறேன்.

பட்டன்: வேணாம்க்கா, நானே ஆரம்பிக்கிறேன். இன்னைக்கு முழிச்சுத்தான் இருக்கேன்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எல்லாரும் சோர்ந்து கண்ணயர்ந்த நேரத்திலும் ஆண்டவர் விழித்திருந்து காக்கட்டும்.