டவர் சுருட்டிய தக்காளி

சரோஜம்மா: ஐயோ, இன்னாங்க அது சத்தம்? வூடே அதிருது.

நாராயணப்பன்: உங்கண்ணன் திம்மராயன் கொல்லையில நிக்குதே செல் டவரு, அதோட ஜெனரேட்டர். ஸ்டார்ட் பண்ணிட்டான். என் சட்டைய எடு.

சரோஜம்மா: எங்க கெளம்பிட்டீங்க?

நாராயணப்பன்: நம்ம உத்தனப்பள்ளி ஊரே டிராக்டர்ல வருது. டவர் கேபிளை வெட்டிட்டுத்தான் மறுவேலை. என் தக்காளிய சுருட்டிப் போட்டுச்சில்ல, அந்த அலை...

சரோஜம்மா: அலையா? டவரு ஓடறதே இன்னிக்குத்தான். தக்காளி சுருண்டு பத்து நாளாச்சி.

நாராயணப்பன்: கம்பி நட்டாலே போதுமாம். எங்கண்ணன் மவன் ஹரீஷ்குமார் சொன்னான்.

சரோஜம்மா: அவன் ஓசூர் கம்பெனியில ஸ்குரூ முடுக்கறவன். செடியப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்?

நாராயணப்பன்: அண்ணன்னா விட்டுக் குடுக்க மாட்டியே நீ.

சரோஜம்மா: டவர் காலடியில எங்கண்ணன் அவரைச் செடி போட்டிருக்காரு, போய்ப் பாருங்க. கொத்துக் கொத்தா காய். நம்ம தக்காளியில சுருண்டது நாலே வரிசை. அஞ்சாவது வரிசை கும்முனு நிக்குது. அலை எண்ணிப் பாத்து நாலோட நிக்குமா?

நாராயணப்பன்: ...நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். வழி வுடு.

சரோஜம்மா: வுட மாட்டேன். அந்த நாலு வரிசைக்குத்தான் நீங்க ஒரு டேங்க் பூச்சி மருந்து அடிச்சீங்க.

நாராயணப்பன்: அதுக்கு?

சரோஜம்மா: அந்த மருந்தடிக்கற டேங்கு... அதுக்கு மொத நாள் எங்கண்ணன்கிட்ட இருந்துச்சி.

நாராயணப்பன்: இன்னாது?

சரோஜம்மா: டவர் வெச்சதுலருந்து நீங்க ரெண்டு பேரும் பேசறதில்ல. வரப்புக்குக் களை மருந்து அடிக்கணும், டேங்கு குடும்மான்னு கேட்டாரு. உங்களுக்குத் தெரியாம குடுத்தேன். திரும்பி வந்ததும் கழுவாம மாட்டிட்டேன். அதுல மிச்சமிருந்த களை மருந்துதான் தக்காளியச் சுருட்டிப் போட்டுச்சி. இப்ப அவரு டவரை வெட்டப் போறீங்க... நான் பண்ண தப்புக்கு. என்னைத் திட்டவாவது திட்டுங்க.

நாராயணப்பன்: இத வெளிய யார்கிட்டயும் சொல்லாத.

ஹரீஷ்குமார்: சித்தப்பா, ஏறுங்க. ரம்பம், கடப்பாரை எல்லாம் டிராக்டர்ல ரெடி. மொத வெட்டு நீங்கதான்னு ஊரே சொல்லிடுச்சி... சித்தி இன்னாத்துக்கு அழுவறாங்க?

நாராயணப்பன்: எஞ்சினை நிறுத்துடா. டவர் ஒண்ணும் பண்ணல. அன்னிக்கி டேங்கு மூடியத் தொறந்ததுமே களை மருந்து வாடை குப்புனு அடிச்சிது. கழுவ சோம்பேறித்தனப்பட்டு, அதுலயே மருந்து கலக்கி அடிச்சவன் நான்தான்.