மாதத்துக்கு ஒரு பெட்டி

பெட்டியில் வரும் வைனை மட்டமாகப் பேசுகிறவர்கள் அதை ஒழுங்காகக் குடித்துப் பார்த்தவர்கள் இல்லை அம்மா. பாட்டிலுக்குப் பகட்டு அதிகம். திறந்து ரெண்டு நாளில் புளிப்பேறிவிடும். பெட்டி அப்படியில்லை. அட்டைக்குள்ளே ஒரு வெள்ளிப் பை, அதன் அடியில் சின்னக் குழாய். வைன் இறங்க இறங்கப் பை சுருங்கிக்கொண்டே போகும், காற்று நுழைய இடமிருக்காது. ஒரு மாதம் கழித்தும் முதல் நாள் ருசியே இருக்கும். விலையும் கம்மி, கீழே விழுந்தால் உடையவும் உடையாது. சாப்பாட்டுக்கு முன்னால் நான் அரை டம்ளர் குடிப்பேன். அதற்கு மேல் ஒருநாளும் தொட்டதில்லை.

சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் என் தங்கையைப் பற்றித்தான் கேட்க வந்தீர்கள், அங்கேதான் வருகிறேன். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். பெட்டியில் தெரியாது, தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இது மட்டும் உங்களுக்கு மனதில் இருந்தால் போதும்.

இந்தப் பெட்டிகளை அடைக்கிற கம்பெனியில் நான் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். பை நிரம்பி வரும், நான் அதன் கழுத்தில் குழாயைப் பொருத்தி அழுத்துவேன். கோணலாகப் பொருந்தியதைக் கரண்டிக் காம்பால் நெம்பிக் கழற்றி மறுபடி போடுவேன். கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன். ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் தனியாக இருந்தேன். அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுவேன். ஒரு ஆளுக்கு எதற்கு மேசை துடைப்பது?

அப்புறம் அவள் வந்தாள். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். ரெண்டு துணிப்பெட்டியும் கத்தரிக்கோல் பையுமாக வந்து நின்றாள். பெண்களுக்கு முடிவெட்டுகிற கடையில் அவளுக்கு வேலை. சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிடுவாள்.

"அக்கா, இன்னைக்கு ஒருத்தி வந்தா. தலையில மொத்தம் நாலு முடி. அதை அடுக்கடுக்கா வெட்டணுமாம்."

"நீ என்னடி பண்ணின?"

"நாலு பேரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு, சண்டை வராம பங்கு பிரிச்சுக் கொடுத்தேன்."

மூணு கோப்பை உள்ளே போனால் அந்தப் பெண் மாதிரியே நடந்து காட்டுவாள். எனக்கு வயிறு வலிக்கும் அளவுக்குச் சிரிப்பு வரும். ரெண்டு வருஷம் அப்படிப் போனது.

ஒருநாள் அவள் மகன் போன் செய்தான். அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்திருந்தது. "அம்மா, இங்க வந்துடு. ஆனா குடிச்சுட்டுக் குழந்தையைத் தூக்கக் கூடாது. அளவா இருக்கேன்னு காட்டு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். நாளுக்கு ஒரு சின்ன டம்ளர் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். மூணு லிட்டர் பெட்டி, முப்பது நாள். பெட்டி திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் அட்டையிலேயே எழுதினாள்.

"ஆறு பெட்டிக்கா. ஆறு மாசம். அப்புறம் நான் பாட்டி வேலைக்குப் போயிடுவேன்."

"நல்லதுடி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

முதல் பெட்டி முப்பத்திரண்டு நாள் வந்தது. அவளுக்கு வைராக்கியம் அதிகம். ஆனால் அந்த மாதம் வீட்டில் பேச்சே இல்லை. டம்ளரை வைத்துவிட்டுக் குழந்தைக்குத் தொப்பி பின்னுவாள், எட்டரைக்குப் படுத்துவிடுவாள். என்னை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை. மேசையைத் துடைத்துவிட்டு நான் ஊசி நூலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ரெண்டாவது பெட்டியில்தான் நான் ஆரம்பித்தேன். அவள் நூல் எடுக்கத் திரும்பும்போது டம்ளரை நிரப்பி வைப்பேன். அவ்வளவுதான். டம்ளர் காலியாகவில்லை என்றால் அது இன்னும் முதல் டம்ளர்தானே? மூணாவது டம்ளருக்கு மேல் நான் ஊற்ற வேண்டியதே இருக்காது, அவளே எழுந்து குழாயைத் திறப்பாள். பழையபடி நடந்து காட்டுவாள், பழையபடி சிரிப்போம்.

காலையில் பயந்துபோய் எழுந்து வருவாள். "அக்கா, நேத்து ஜாஸ்தியாப் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே ரெண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பாள். அது கனமாகவே இருக்கும். அவள் விழிப்பதற்கு முன்னால் நான் எழுந்து, குழாயை நெம்பிக் கழற்றி, வேறொரு பெட்டியிலிருந்து பையை நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியே தள்ளி, மறுபடி பொருத்தி வைத்திருப்பேன். முந்தின நாளைவிட ஒரு டம்ளர் குறைவாக. ஒரு டம்ளர்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. கம்பெனியில் எனக்கு நல்ல பெயர் இருந்தது சும்மா இல்லை அம்மா. மிச்சப் பெட்டிகள் பரணில், கம்பளிக்குப் பின்னால் இருந்தன.

"கனமாத்தான் இருக்கு" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள். அந்த நிம்மதியை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். நாளாக நாளாக அவள் தன் தலைவலியை நம்பவில்லை. நடுங்குகிற கையையும் நம்பவில்லை. பெட்டியைத்தான் நம்பினாள்.

நாலாவது மாதம் கால் வீங்கியது. டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். என்னைப்போய் அக்கறை இல்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. எவ்வளவு குடிப்பீர்கள் என்று அவர் கேட்டார். "மாசத்துக்கு ஒரு பெட்டி சார். தேதி எழுதி வெச்சிருக்கேன்" என்றாள். டாக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற முகங்களைத் தினமும் பார்க்கிறவர் அவர், இது பொய் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அதனால் ஈரல் கெட்டதற்கு வேறு காரணம் தேடினார். இந்த மாத்திரையா, அந்தக் கிருமியா என்று ஒவ்வொரு பரிசோதனையாக எழுதிக் கொடுத்தார். அதிலே ரெண்டு மாதம் போய்விட்டது. உங்களிடம் சொன்னதும் அவர்தானே? மனசாட்சி உள்ள மனிதர்.

அவளைக் கூட்டிப்போக மகன் வந்தபோது அவள் குளித்து, தலை சீவி, ஆறு அட்டைகளையும் தட்டையாக மடித்து மேசையில் வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் தேதி. பேச ஆரம்பித்ததும் நாக்கு குழறியது. கண் மஞ்சளாக இருந்தது. அவன் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தான்.

"அம்மா, இந்த அட்டையைக் காட்டி யாரை ஏமாத்துற?"

"சத்தியமாடா. மாசத்துக்கு ஒண்ணுதான்டா. அக்கா, நீ சொல்லுக்கா. நான் பொய்யா சொல்றேன்?"

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். "அவன்கிட்ட எதுக்குடி வம்பு. நீ போய்ப் படுத்துக்கோ" என்றேன். கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பாவம் பெரியம்மா நீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கப்புறம் அவள் பெட்டியைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. ஒரு மத்தியானம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "அக்கா, எனக்கே தெரியாம நான் எந்திரிச்சு வாங்கிட்டு வந்து குடிக்கிறேனா? எனக்குப் பைத்தியமாக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்டி" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கும் நானே ஊற்றிக் கொடுத்தேன்.

அதிலிருந்து பத்தொன்பது நாளில் போய்விட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, நான் மறுக்கவில்லை. அஞ்சு மாதம், ஒருநாள் விடாமல், என் கையால்தான் செய்தேன். இப்படியே போனால் பிழைக்க மாட்டாள் என்பது டாக்டருக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். நிறுத்தியிருந்தால் ஆறாவது மாதம் கிளம்பிப் போயிருப்பாள். அங்கே போய்த் துணி துவைத்துக்கொண்டு இருந்திருப்பாள். இங்கே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு உதவி. அவள் மகனிடம் இதைச் சொல்லாதீர்கள். அம்மா கடைசிவரை பொய் சொன்னாள் என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், கருமாதி முடிந்து அவள் படத்தைக்கூட அவன் வீட்டில் மாட்டவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கே வந்துவிடுகிறான். "நீங்க ஒருத்தர்தான் பெரியம்மா எனக்கு உண்மையா இருந்தீங்க" என்று சொல்லிச் சொல்லி அழுகிறான். போன வாரம் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்து நாலு நாள் தங்கினான். திரும்பிப் போகிறேன் என்றவனை நான்தான், அவசரப்படாதே என்றேன்.

அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை தாங்க மாட்டான். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை அம்மா, அவனுக்காகத்தான் கேட்கிறேன்.