கடைசி முட்டைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர்

...என் வீடு, என் ரூம், என் முட்டை! உள்ள போறதுக்கு எதிர்வீட்டுல வந்து ஸ்க்ரூ டிரைவர் கேக்க வேண்டியிருக்கு பாருங்க. நாலே ஸ்க்ரூதான் தம்பி. அந்தப் பூட்ட வெளிப்பக்கமா கழட்டிட்டா கதவு தானா திறந்துக்கும். என் டூல்பாக்ஸையும் உள்ள தூக்கி வச்சுக்கிட்டுத்தான் கதவப் பூட்டியிருக்கா எங்க வீட்டம்மா. விவரம்!

தேடறீங்களா? தேடுங்க, தேடுங்க. குடிவந்து நாலு நாள்தானே ஆச்சு, எந்த அட்டைப்பெட்டியில எது இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. நான் இப்படி வாசல்லயே நிக்கறேன். அட, தொட்டியில ரோஜா! நல்லா மொட்டு விட்டிருக்கே... ஆமா, காலையில எங்க வீட்டம்மா படிக்கட்டுல உங்ககிட்ட ஏதோ பேசிட்டிருந்தாளே? நல்லவிதமாத்தானே பேசினா? வெளியாளுங்ககிட்ட தங்கமா பேசுவா.

விஷயம் என்னன்னா, உள்ள ஒரு கோழிக்குஞ்சு மாட்டிக்கிட்டிருக்கு. இன்குபேட்டர்ல, அதான் குஞ்சு பொரிக்கற மெஷின்ல, ஆறு முட்டை வச்சேன். நேத்தோட இருபத்தோரு நாள். அஞ்சுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. இந்த ஆறாவது இருக்கே, நேத்து சாயங்காலம் சரியா அஞ்சு மணிக்கு ஓட்டுல மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுச்சு. மூக்கு நுனி தெரியுது, கீச்சு கீச்சுங்குது. சரி, வந்துடும்னு பாத்தா... அதோட நின்னுபோச்சு! இன்னிக்கு மணி நாலு. அதே ஓட்டை, அதே மூக்கு. காலையில கத்தின கத்து இப்ப இல்ல. உசுரு போயிட்டிருக்கு தம்பி! ஒரு நகத்தளவு முட்டை ஓட்டப் பிச்சு விட்டா போதும். விடமாட்டேங்கறா.

"அஞ்சு மணி ஆகட்டும். ஒரு முழு நாள் முடியட்டும். நீங்க வெளிய போங்க"ன்னா. முப்பத்திரண்டு வருஷம் பிரசவ வார்டுல நர்ஸா இருந்தவ. வராந்தாவுக்கு எத்தனை ஆம்பளைங்கள துரத்தியிருப்பா! அதே குரல். என் கால் ரெண்டும் தானா நடந்து வெளிய வந்துடுச்சு, அப்புறம்தான் எனக்கே தெரியும்.

கிடைச்சுதா? அந்தப் பெட்டியிலயும் இல்லையா... பரவால்ல. டீயா? எதுக்குத் தம்பி இப்ப... சரி, குடுங்க. சீக்கிரம் குடிச்சுடறேன்.

நான் யாருன்னு நினைச்சீங்க? கடிகார மெக்கானிக். நாப்பது வருஷம். ஒரு தடவை ஒரு பெரிய மனுஷன் கட்டில்ல தூங்கிட்டிருக்காரு. கைக்கடிகாரத்தக் கழட்டாமலே, அவர் மணிக்கட்டுல வச்சே ரிப்பேர் பண்ணேன். முழிச்சு மணியப் பாத்தாரு, படுத்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே எந்திரிச்சிருந்தாரு! சிரிக்கறீங்க. அந்தக் கை தம்பி இது. இதுக்கு ஒரு முட்டை ஓடு பெரிய விஷயமா? ஆனா என் தொழில் மூடியத் திறக்கறது. அவ தொழில் காத்திருக்கறது. எப்படி ஒத்துப்போகும் சொல்லுங்க?

மொதல் ரெண்டு குஞ்சும் நான் மத்தியானம் கண்ணசந்த நேரத்துல தானா வெளிய வந்துடுச்சுங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல! இருபத்தோரு நாள் பக்கத்துல உக்காந்தவன் நான். மனசு கேக்குமா? அதனால மூணாவது ஓட்டை போட்டதும் நாற்காலியப் போட்டுட்டேன். ரெண்டு மணி நேரம் பொறுத்தேன். ரெண்டு மணி நேரம்! அசையல. சரி, பாவம், முடியலன்னு, கண்ணுல பூதக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு, சின்ன இடுக்கியால ஒவ்வொரு சில்லா எடுத்தேன். அவ்வளவு சுத்தமான வேலை. திடீர்னு பாத்தா... ரத்தம்.

உள்சவ்வுல ரத்தம் இன்னும் ஓடிக்கிட்டிருந்துச்சாம். மஞ்சக்கரு வயித்துக்குள்ள போய்ச் சேரலயாம். ஓட்டை போட்டுட்டு அது சும்மா இருக்கறதில்ல, உள்ள அந்த வேலையத்தான் பாத்துக்கிட்டிருக்குமாம். ஒரு நாள்கூட ஆகுமாம். மெஷினோட வந்த சீட்டுல போட்டிருக்கு, பொடி எழுத்துல. கண்ணாடி போட்டாத்தான் தெரியும். கண்ணாடி அப்ப முட்டையப் பாத்துக்கிட்டிருந்துச்சு.

கையிலேயே போயிடுச்சு தம்பி. இந்த உள்ளங்கையில. இத்துனூண்டு சூடு... அப்புறம் அதுவும் இல்ல.

டீ நல்லாருக்கு. சக்கரைதான் தூக்கல்.

நாலாவதக் கேளுங்க. அது நிஜமாவே மாட்டிக்கிச்சு. உள்சவ்வு காஞ்சு, ஈரக் காகிதத்த உடம்புல ஒட்டிக் காயவிட்ட மாதிரி இறுக்கிடுச்சு. முண்டுது, முடியல. வெதுவெதுப்பான தண்ணியில பஞ்ச நனைச்சுத் தடவித் தடவி நான்தான் எடுத்தேன். பிழைச்சுது! உள்ள ஓடிக்கிட்டிருக்கு. அப்ப உதவி பண்றது தப்பா? வீட்டம்மாவே ஒண்ணும் சொல்லல... ஏன் காஞ்சுதுன்னா கேக்கறீங்க? மெஷின் சரியில்ல. அதான் காரணம். இல்ல... மூடியத் திறந்தா உள்ள இருக்கற ஈரம் போயிடும், வாஸ்தவம். நான் எங்க அடிக்கடி திறந்தேன்? மூணாவதுக்காக ஒரு ஏழெட்டு தடவை. அது போனப்புறம், மத்ததெல்லாம் நல்லாருக்கான்னு பாக்க ஒரு பத்துத் தடவை. அப்புறம் மூடிட்டேனான்னு பாக்க ரெண்டு, மூணு தடவை.

அஞ்சாவது கூமுட்டை. கருவே இல்ல. அதுக்கும் உதவி பண்ணேன். நேத்து ராத்திரி உங்க வீடு வரைக்கும் ஒரு நாத்தம் வந்திருக்குமே? வந்துச்சா? மன்னிச்சுக்குங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஓ... இந்த மொட்டா? கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, லேசா விரிச்சு விட்டேன். பேசிக்கிட்டே... ரெண்டா? மூணு. சரி சரி, கைய எடுத்துட்டேன்.

இதத்தான் அவளும் சொல்றா. "ஒருத்தனுக்கு உதவி பண்ண மூடியத் திறக்கறீங்க. அந்தக் காத்துல அடுத்தவன் சவ்வு காயுது. அவனுக்கு உதவி பண்ண மறுபடி திறக்கறீங்க. நீங்க இல்லன்னா ஒருத்தனுக்கும் உங்க உதவி தேவைப்பட்டிருக்காது"ன்னு. உள்ள இருக்கறானே ஆறாவது, அவன் சவ்வையும் நான்தான் காய வச்சிருப்பேன். என்னாலதான் மாட்டிக்கிட்டிருக்கான். அதனாலதான் தம்பி கெஞ்சறேன். நான் கெடுத்தத நானே சரி பண்ணணும்னு... இன்னுமா கிடைக்கல? எங்க பையன் பொறந்தப்பகூட நான் வராந்தாவுல இவ்வளவு நேரம் நிக்கல!

இருங்க. கூப்பிடறா. என்னது? "தம்பி, போதும்ப்பா, வந்துடுச்சு, அவர அனுப்புங்க"ங்கறாளா?

வந்துடுச்சா! ஏம்மா, உசுரோடயா? நீ கை வச்சியா? என்ன... அஞ்சு மணி வரைக்கும் பாத்துட்டு, சுத்தி ஓரமா மட்டும் முட்டை ஓட்ட எடுத்தியா? ரத்தம் வரலையே? மீதிய அதுவே உதைச்சுக்கிட்டு வந்துச்சா? அடி சக்கை! இதோ வர்றேன்...

இருங்க. "போதும்"னா என்ன போதும்? என்னை விட்டுட்டு உங்களக் கூப்பிட்டு ஏன் சொல்றா?

தம்பி, திரும்புங்க. உங்க பின்பாக்கெட்டுல மஞ்சக் கைப்பிடி நீட்டிக்கிட்டிருக்கே, அது ஸ்க்ரூ டிரைவர்தானே?

காலையில படிக்கட்டுல அவ பேசினது இதானா... ஓஹோ. அதானே பாத்தேன்! நாப்பது வருஷமா பேசறேன், ஒருத்தன்கூட ஒரு மணி நேரம் முழுசா நின்னு கேட்டதில்ல. டீ வேற. இருக்கட்டும். ஒரு மணி நேரம் மூடியத் தொடாம இருந்தவன் யாரு? நான்! அப்ப அந்தக் குஞ்சு பிழைச்சதுல பாதி என்னாலதான். இத அவகிட்ட நீங்கதான் சொல்லணும்.

வர்றேன் தம்பி. இந்தக் கோடியில மொட்டு ஒண்ணு பாக்கி இருக்கு, இதத் தொடவே இல்ல. நாளைக்குப் பூக்கும். பூக்கலன்னா ஒரு குரல் குடுங்க, இடுக்கியோட வர்றேன்.