டிலுக்சன் ஆடாத இறுதியாட்டம்

எனக்குக் கிரிக்கெட் ஆடத் தெரியாது. ஸ்கோர் எழுதத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் தொடங்கியது, லண்டனுக்கு வந்து இருபது வருடமாகியும் கோடை வந்தால் பென்சிலைச் சீவிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். அடிப்பவர் எந்தக் கல்லூரி, பந்து வீசுபவர் எந்தக் கல்லூரி என்று பார்த்து நான் ஒரு ஓட்டத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. இந்தச் சச்சிதானந்தனைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் இதைத்தான் சொல்வார்கள்.

லீக்கின் விசாரணைக் குழு என்று மூன்று பேர் என் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். என் மனைவி கலாவதி கொண்டுவந்து வைத்த தேநீரை ஒருவரும் தொடவில்லை. பரவாயில்லை. முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன்.

நம்முடைய லீக்கில் எட்டு அணிகள். எல்லாரும் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள். நான் இலந்தையடி மத்திய கல்லூரி. எங்களுக்கும் புனித சிப்பிரியான் கல்லூரிக்கும் இடையில் இருந்தது ஒரு ஒழுங்கையும் ஒரு மதிலும் மட்டுமே. அந்த மதிலுக்கு அங்கால் இருப்பவர்கள் தோற்ற நாளில் எனக்கு நல்ல நித்திரை வரும். அவர்கள் வென்ற நாளில் சாப்பாடு இறங்காது. ஐம்பத்திரண்டு வயதிலும் அதே உடம்புதான். இதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் மூவருக்கும்கூட ஒவ்வொரு கல்லூரி இருக்கிறது.

2007ஆம் ஆண்டு சிப்பிரியான் லீக்கை வென்றது. வெல்லட்டும், அது வீட்டுக்குள் நடக்கிற சண்டை. ஆனால் அந்த வருடம்தான் லீக்கில் வென்ற அணி வெளிநாட்டுத் தமிழ் அணிகளோடு மோதுகிற கிண்ணம் முதன்முதலாக வந்தது. சிப்பிரியான் ஜெர்மன்காரரை வென்றது. பாரிஸ்காரரை வென்றது. ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்து மைதானத்தில், டொரன்டோவோடு இறுதியாட்டம்.

யாருக்குக் கைதட்டுவது என்று தீர்மானிக்க எங்கள் சங்கம் சவுத்தாலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் கூடியது. தலைவர் தில்லையம்பலம் அண்ணை ஒரு துண்டில் கணக்குப் போட்டு வந்திருந்தார்.

"அவங்களிட்ட நாங்கள் நாலு விக்கெட்டாலதானே தோத்தனாங்கள். அவங்கள் டொரன்டோவை வெண்டால், நாங்களும் டொரன்டோவுக்குக் கிட்டத்தட்டச் சமன்" என்றார்.

இன்னொரு கட்சி அதை ஏற்கவில்லை. சிப்பிரியான் வென்றால் அடுத்த கோடை வரைக்கும் ஒரு கல்யாண வீட்டுக்கும் நிம்மதியாகப் போக முடியாது என்றது. இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில், லீக்கின் மானம் காக்கும் விதமாக சிப்பிரியான் நன்றாகப் போராடி, பிறகு தோற்க வேண்டும் என்று பெரும்பான்மை வாக்கால் தீர்மானமாயிற்று. எதிர்த்து வாக்களித்த மிகச் சிலரில் நானும் ஒருவன். அவர்கள் வெல்ல வேண்டும் என்று எழுந்து நின்று பேசினேன். வாழ்த்துக் கடிதத்தையும் நானே எழுதினேன். உங்கள் வெற்றி எங்கள் வெற்றி என்று முடித்திருந்தேன்.

எழுதும்போது அதை நம்பினேனா என்று கேட்கலாம். நம்பினேன். வெஸ்ட் ஈலிங் கோயில் மண்டபத்தில் சிப்பிரியான் சங்கத் தலைவர் பாலேந்திரா அதை மைக்கில் வாசித்தார். கண் கலங்கிவிட்டார். பிறகு இறங்கி வந்து என் தோளில் கை போட்டார்.

"சச்சி, இனி உங்கட பெடியளும் எங்களைப் பாத்து விளையாடப் பழகலாம்."

அன்போடுதான் சொன்னார். ஏளனமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அவர்கள் வெற்றி முழுவதும் ஒரு ஆளால் வந்தது. டிலுக்சன், இருபத்து நாலு வயது, வேகப் பந்து. பாரிஸ்காரரின் ஏழு விக்கெட்டை அவன் ஒருவனே எடுத்தான். நல்ல பிள்ளை, இதை நான் மறுக்க மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வருவான். எத்தனை விக்கெட் என்று கேட்க மாட்டான். "அண்ணை, எத்தினை வைட் போட்டனான்?" என்று கேட்பான். சொன்னால் தலையைச் சொறிந்துகொண்டு போவான்.

லீக்கின் பதிவாளரும் நான்தான். ஆட்டக்காரர்களின் பதிவுப் பத்திரங்கள் என் மேசை லாச்சியில் இருக்கும். டிலுக்சன் தன் பத்திரத்தை விலாசம் எழுதாமல் கொடுத்திருந்தான். விலாசம் இல்லாமல் பதிவு இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணை, என்ர அகதிக் கேசை ரெண்டு தரம் நிராகரிச்சுப்போட்டாங்கள். குடிவரவுக் கந்தோரில கையெழுத்து வைக்கப் போறதையும் விட்டிட்டன். மாமி வீட்டிலதான் ஒளிச்சு இருக்கிறன். எழுதித் தாறன். ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ."

காட்ட மாட்டேன் என்று சொன்னேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். இன்றுவரை அந்தப் பத்திரத்தை ஒருவருக்கும் காட்டவில்லை. தொலைபேசியில் வாசித்தேன், அவ்வளவுதான்.

இறுதியாட்டத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் வேலை செய்கிற கவுன்சில் அலுவலகத்துக்கு வெளியே ஒரு தொலைபேசிக் கூண்டு. குடிவரவுக்காரரிடம் தகவல் சொல்ல ஒரு எண் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெண் எடுத்தாள், நல்ல மரியாதை. பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். விலாசம் சொன்னேன். எப்போது வீட்டில் இருப்பான் என்று கேட்டாள். பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் முடித்துக் காலை ஆறரைக்கு வருவான் என்றேன். தகவல் மிகவும் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினாள்.

நான் நினைத்தது இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை பிடிப்பார்கள். சனி, ஞாயிறு கந்தோர் பூட்டு. திங்கள் வங்கி விடுமுறை. செவ்வாய் திறந்ததும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். அவனுக்கு நான்கு நாள் ஓய்வு, எனக்கு ஒரு ஞாயிறு. கவுன்சிலில் வேலை செய்பவன் என்பதால் அலுவலக நடைமுறையை அப்படிக் கணித்தேன். இந்த ஓரிடத்தில் என் கணிப்புத் தவறியது என்று ஏற்றுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமைதான் பிடித்தார்கள். அன்று பின்னேரம் லீக்கின் சார்பில் பாலேந்திராவும் நானும் அவன் மாமி இம்மாகுலேற்றைப் பார்க்கப் போனோம். வீடு நிறைய ஆட்கள். அவர் கதிரையில் இருந்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆறு பேர் வந்தவங்கள். அவன் அப்பதான் முகம் கழுவிப்போட்டுச் சாப்பிட இருந்தவன். ஓடேல்லை, கத்தேல்லை. கிட் பாக்கை எடுத்துக்கொண்டு வரட்டோ எண்டு அவங்களிட்டக் கேட்டவன். ஞாயிற்றுக்கிழமை மட்ச் இருக்கெண்டு சொன்னவன்."

அவருக்கு நீரிழிவு, சீனி வருத்தம் உண்டு. நான் குசினிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். மற்றவர்களுக்கு அது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பதிவுக்காகச் சொல்ல வேண்டும். டிலுக்சனுக்குப் பதிலாக ஒரு பல் வைத்தியரை இறக்கினார்கள். நாற்பத்தாறு வயது, முழங்காலில் பட்டி. நடந்து வந்து பந்தை மேலே எறிந்தார். டொரன்டோக்காரர் ஐந்து பேர் அதைத் தூக்கி அடித்துப் பிடி கொடுத்தார்கள். சிப்பிரியான் மூன்று ஓட்டத்தால் வென்றது. சனம் முழுக்க டிலுக்சன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவன் சட்டையை ஒரு தடியில் கட்டி மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். எங்கள் தில்லையம்பலம் அண்ணை பக்கத்தில் இருந்தவரிடம், நாங்களும் இப்போது டொரன்டோவுக்குச் சமன் என்றார். நான் கடைசிப் பந்தையும் எழுதிக் கூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தேன். புத்தகத்தைப் போய்ப் பாருங்கள், ஓர் இடத்திலும் அழித்து எழுதியிருக்காது.

செவ்வாய்க்கிழமை அவனை விடவில்லை. திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பகுதி எம்.பி.க்கு மனு எழுதியவன் நான். நாட்டில் சண்டை நடக்கிறது, தமிழ் இளைஞன் இறங்கினால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் இரண்டு பக்கத்தில் விளக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. இப்படி ஒரு மனுவை உன்னால் மட்டும்தான் எழுத ஏலும் என்று பாலேந்திரா என்னைக் கட்டிப்பிடித்தார். உண்மையாகவே நல்ல மனு.

தடுப்பு முகாமில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தான். பல் வைத்தியர் எத்தனை வைட் போட்டார் என்று கேட்டான். பதினொன்று என்றேன். "பாருங்கோ அண்ணை, என்னை விட மோசம்" என்று சிரித்தான். எங்கள் மனுவை எம்.பி. வாசித்தாரா என்று பிறகு கேட்டான். வாசித்திருப்பார் என்றேன்.

செப்டெம்பர் முடிவில் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் இறங்கியதும் யாரோ விசாரிக்க வேண்டும் என்று அழைத்துப் போனார்களாம். ஒக்டோபரில் ஒரு தடவை மாமியோடு பேசினான். அதற்குப் பிறகு தகவல் இல்லை. இப்போது மாசி மாதம்.

நீங்கள் கண்டுபிடித்த விதத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். மாமியின் வீட்டு இலக்கம் நாற்பத்தேழு. அவன் பத்திரத்தில் எழுபத்து நாலு என்று மாற்றி எழுதியிருந்தான். அவனைப் பிடிக்க வந்தவர்கள் முதலில் எழுபத்து நாலைத் தட்டிப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்தான் எதிர்ப்பக்கம் கைகாட்டியிருக்கிறாள். அந்தப் பிழை உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. பத்திரம் நிரப்பும்போது கவனம் வேண்டும் என்று எல்லா அணிகளுக்கும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஓம், நான்தான் சொன்னேன். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் பேப்பர் இல்லாதவர்கள் மேல் எனக்கு வெறுப்பு என்று உங்கள் அறிக்கையில் எழுதினால் அது பெரிய அநியாயம். நானும் அகதியாக வந்தவன்தான். எங்கள் இலந்தையடி அணியிலேயே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவரை இந்த வீட்டு மேல் அறையில் ஒன்றரை வருடமாக வைத்திருக்கிறேன், வாடகைகூட வாங்குவதில்லை. கலாவதி எங்கள் பேச்சை இவ்வளவு நேரம் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது மேலே அவனிடம் போயிருக்கிறாள். சூட்கேஸ் இழுக்கிற சத்தம் கேட்கிறது. அறையைத் துப்புரவாக்குகிறாள் போல.

அந்த இரண்டு பேரின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நம்பி வந்த பிள்ளைகளைக் காட்டிக் கொடுக்கிற ஆள் நான் இல்லை.